வேனுக்குள் பேட்டரி தகராறா? அறிகுறியைப் பார்த்து சார்ஜ் வோல்ட்டேஜைச் சரிசெய்யுங்கள்

வேனுக்குள் ஃபிரிட்ஜ், விசிறி, விளக்கு எல்லாம் ஓட்டுவதற்கான டீப் சைக்கிள் பேட்டரி வாங்கி ஒன்றரை வருடத்தில் போய்விட்டது என்றால் எல்லோரும் பேட்டரியைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் விற்ற கடையைத் திட்டுவார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு சார்ஜ் வோல்ட்டேஜில்தான் இருக்கிறது. ஒன்று, போதாமல் ஏறுகிறது. இல்லை, தேவைக்கு மேல் ஏறுகிறது. நம் ஊரில் இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பேட்டரி தாளில் அச்சடித்திருக்கும் எண்கள் எல்லாம் 25 டிகிரி செல்சியஸுக்குச் சொன்னவை. பட்டர்வொர்த்தில் மதிய வெயிலில் நிறுத்திய வேனில், சீட்டுக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் பேட்டரிக்கு அந்த 25 டிகிரி ராத்திரியில்கூடக் கிடைக்காது.

கீழே உங்கள் வேனில் தெரியும் அறிகுறியைத் தேடிப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது, அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதல் வேலை, ஒரு மல்டிமீட்டர். 30, 40 வெள்ளிக்குக் கிடைப்பதே போதும். அளக்கும்போது முள்ளை பேட்டரியின் ஈய முனையிலேயே வையுங்கள். லக் (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்) மேலோ கேபிள் மேலோ வைக்க வேண்டாம், சார்ஜர் திரையில் வரும் எண்ணையும் நம்ப வேண்டாம். சார்ஜர் தன் வாசலில் என்ன வெளியே போகிறது என்றுதான் காட்டுகிறது, பேட்டரிக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் பாதிக் கோளாறுகள் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது வேலை, உங்களிடம் இருப்பது என்ன வகை என்று உறுதிசெய்வது. மூடி திறந்து தண்ணீர் ஊற்றுவதா, ஏ.ஜி.எம்.மா (ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சிவைத்த மூடிய வகை), ஜெல்லா (ஆசிட்டைக் கூழாக்கி மூடிய வகை), லித்தியமா? மேலே "டீப் சைக்கிள்" என்று ஸ்டிக்கர் இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், மாடல் எண்ணை வைத்து தயாரிப்பாளரின் தாளைத் தேடி எடுங்கள். தாள் கிடைக்கும்வரை, 12 வோல்ட் பேட்டரிக்கு 25 டிகிரியில் பொதுவாகப் பொருந்தும் எண்கள் இவை (அப்சார்ப்ஷன் என்பது பேட்டரி நிறையும்வரை பிடித்துவைக்கும் உயர்ந்த வோல்ட்டேஜ், ஃப்ளோட் என்பது நிறைந்த பிறகு தாங்கிவைக்கும் தாழ்ந்த வோல்ட்டேஜ்):

தண்ணீர் ஊற்றும் வகை: அப்சார்ப்ஷன் 14.4 முதல் 14.8 வோல்ட், ஃப்ளோட் 13.2 முதல் 13.5.
ஏ.ஜி.எம்.: அப்சார்ப்ஷன் 14.4 முதல் 14.7 (சில தயாரிப்பாளர்கள் 14.2 போதும் என்பார்கள்), ஃப்ளோட் 13.4 முதல் 13.8.
ஜெல்: அப்சார்ப்ஷன் 14.1 முதல் 14.4, அதற்கு மேல் ஒருபோதும் வேண்டாம். ஃப்ளோட் 13.5 முதல் 13.8.
லித்தியம் இரும்பு பாஸ்பேட்: 14.2 முதல் 14.6, ஃப்ளோட் 13.5 அல்லது ஃப்ளோட்டே இல்லாமல்.

இதில் முதல் மூன்று வகையான ஈய பேட்டரிகளுக்கு மட்டும் வெப்பக் கழிவு உண்டு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும், ஒரு செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் 6 செல், ஆகவே டிகிரிக்கு 18 முதல் 30 மில்லிவோல்ட். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் உடம்பு 40 டிகிரி, தாளில் 14.8, கழிவு 30 மில்லிவோல்ட் என்று போட்டிருக்கிறது. 15 டிகிரி அதிகம், 15 பெருக்கல் 0.03 என்றால் 0.45. ஆக 14.35 வோல்ட்தான் அங்கே சரியான அப்சார்ப்ஷன். 13.5 ஃப்ளோட் 13.05 ஆகிவிடும். அரை வோல்ட் தானே என்று நினைக்க வேண்டாம், ஈய பேட்டரிக்கு அரை வோல்ட் என்பது பெரிய தூரம்.

பகல் முழுக்க சார்ஜ் ஆகிறது, ராத்திரி 11 மணிக்கே ஃபிரிட்ஜ் அணைந்துவிடுகிறது

இதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் வேனை நிறுத்திவிட்டு இரண்டு நாள் விசிறியும் ஃபிரிட்ஜும் ஓட்டும்போதுதான் பல பேருக்கு இது முதல்முறையாகத் தெரிகிறது, ஏனென்றால் மற்ற நாட்களில் பேட்டரியை முழுசாகப் பயன்படுத்துவதே இல்லை.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால், எல்லா சுமையையும் அணைத்துவிட்டு சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியை அளந்து பாருங்கள். தண்ணீர் ஊற்றும் வகையில் 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. சார்ஜை நிறுத்திய உடனே அளந்தால் 13க்கு மேல் காட்டும், அதை நம்பிவிடாதீர்கள், அது மேலோட்டமான சார்ஜ்.

அப்புறம் பகலில் சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது முனையில் அளங்கள். மதியம்வரை பார்த்தும் 13.6க்கு மேல் போகவே இல்லையா? உங்கள் சார்ஜர் ஒரே எண்ணில் நிற்கும் பழைய வகையாக இருக்கலாம். வெளிநாட்டில் கட்டிய பழைய கேரவன்களில் வீட்டுக் கரண்டை 12 வோல்ட் வகைக்கு மாற்றும், 13.6 வோல்ட்டில் பூட்டிவைத்த கன்வெர்ட்டர் உண்டு. அது பேட்டரியை முக்கால்வாசி நிரப்பும், மீதிக்கு நாள்கணக்கில் எடுக்கும். அதை மாற்றுவது தவிர வேறு வழி இல்லை, முழு கரண்ட், அப்சார்ப்ஷன், ஃப்ளோட் என்று தானாக மாறும் மூன்று நிலை சார்ஜர் ஒன்று போடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த ரீகான் வண்டி என்றால் உள்ளே இருக்கும் சார்ஜர் 100 வோல்ட்டுக்குச் செய்ததா என்று லேபிளைப் படித்துவிட்டுத்தான் நம் ஊர் 230 வோல்ட்டில் செருக வேண்டும்.

14.4ஐத் தொடுகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் ஃப்ளோட்டுக்கு இறங்கிவிடுகிறது என்றால் அப்சார்ப்ஷன் நேரம் போதவில்லை. ஈய பேட்டரியில் கடைசி 15, 20 சதவீதம் மெதுவாகத்தான் ஏறும், 3, 4 மணி நேரம் பிடிக்கும். நிறைந்ததா என்பதை நேரத்தை வைத்து ஊகிப்பதைவிட கரண்டை வைத்துப் பாருங்கள்: அப்சார்ப்ஷன் வோல்ட்டேஜில் இருக்கும்போது உள்ளே போகும் கரண்ட் பேட்டரி அளவின் 1, 2 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 200 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 2 முதல் 4 ஆம்பியர். அங்கே வரும்வரை ஃப்ளோட் வேண்டாம். சில சோலார் கன்ட்ரோலர்கள் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிகள்) காலையில் விழிக்கும்போது இருந்த வோல்ட்டேஜைப் பார்த்து அப்சார்ப்ஷன் நேரத்தைத் தாமே முடிவு செய்யும். அந்த வசதியை அணைத்துவிட்டு நீங்களே 3 மணி நேரம் என்று வையுங்கள்.

இன்னொன்று இருக்கிறது, நம் வெயிலில் மட்டும் வரும் கோளாறு. கன்ட்ரோலருக்குள் வெப்பக் கழிவு தானாக நடக்கும் என்று போட்டிருக்கும், ஆனால் பல கன்ட்ரோலர்கள் அளப்பது தன் சொந்த உடம்பின் வெப்பத்தை. அதைக் கொண்டுபோய் கூரைக்குக் கீழே, காற்றே போகாத அலமாரிக்குள் பொருத்திவிடுகிறார்கள். அங்கே 50 டிகிரி, கீழே பேட்டரி 34 டிகிரி. கன்ட்ரோலர் 50க்குக் கணக்குப் போட்டு வோல்ட்டேஜைத் தாழ்த்திவிடும், பேட்டரி பட்டினி கிடக்கும். பேட்டரி முனையில் மாட்டும் வெப்ப சென்சார் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டுங்கள். இந்த வேனுக்குள் நீங்கள் செய்யும் செலவில் இதைவிட நியாயமான செலவு எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ராத்திரி தாங்கவில்லை என்றால் சோலார் வருமானமே போதவில்லை. இங்கே ஒரு நாளில் கிடைக்கும் வெயில் 4, 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம். 200 வாட் பேனல் எல்லா இழப்பும் போக சுமார் 40 ஆம்பியர்-மணி கொடுக்கும், நம் வெப்பத்தில் ஒரு சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜே கிட்டத்தட்ட அதைக் குடித்துவிடும். செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை மதியமானால் மழை பிடித்துக்கொள்ளும்போது அதுவும் கிடைக்காது. இப்படி வாரக்கணக்கில் அரைகுறையாகவே கிடந்தால் தட்டுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் வோல்ட்டேஜைச் சரி செய்தாலும் பழைய கொள்ளளவு முழுசாகத் திரும்பாது. அதனால் வாரத்துக்கு ஒரு முறையாவது வீட்டுக் கரண்டில் செருகி, அந்த 1, 2 சதவீதத்துக்கு இறங்கும்வரை விட்டுவிடுங்கள்.

வண்டி ஓட்டும்போது சார்ஜ் ஏறவே இல்லை

இதற்கு இரண்டே காரணம், கேபிள் அல்லது இஞ்சினோடு சுழன்று கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர்.

இஞ்சினை ஓடவிட்டு, முன்னால் ஸ்டார்ட்டர் பேட்டரியில் அளங்கள், பின்னால் வேன் பேட்டரியில் அளங்கள். முன்னால் 14.2, பின்னால் 13.3 என்றால் வழியில் 0.9 வோல்ட் தொலைகிறது. இது கணக்குதான். போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்று 10 மீட்டர் செம்புக் கேபிள், 6 சதுர மில்லிமீட்டர் தடிமன், 30 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.86 வோல்ட் அதிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.2 வோல்ட்தான் குறையும். நடுவில் இரண்டு பேட்டரியையும் பிரித்துவைக்கும் பழைய டையோடு ஐசொலேட்டர் இருந்தால் அது தனியாக 0.5 முதல் 0.7 வோல்ட் விழுங்கும். கேபிளைத் தடிமனாக்குங்கள், ஐசொலேட்டரை எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு இணைப்பையும் கை வைத்துத் தொட்டுப் பாருங்கள். சுடும் இணைப்பில்தான் வோல்ட் போகிறது. பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் கடற்கரையிலேயே நிறுத்துபவர்கள் லக்குகளைக் கழற்றி பச்சைப் பூஞ்சை மாதிரி உப்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள், சுரண்டி எடுத்துவிட்டு இறுக்குங்கள்.

முன்னாலேயே 12.6, 12.8தான் காட்டுகிறது, ஆனால் பிரேக் போடும்போது மட்டும் 14க்கு மேல் எகிறுகிறதா? புதிய வண்டிகளில் வரும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் அது. எண்ணெய் மிச்சப்படுத்துவதற்காக வோல்ட்டேஜைத் தாழ்த்தி வைத்திருக்கும், வேன் பேட்டரியைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. இரண்டு பேட்டரியையும் வெறுமனே இணைத்துவிடும் ரிலே போட்டால் ஒன்றும் நடக்காது, டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். வருவது 12.5 ஆனாலும் அதை 14.4க்கு ஏற்றிக் கொடுக்கும். அதை வேன் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பொருத்துங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் எதிர்பார்ப்பில் ஒரு அளவு வேண்டும். பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு இரண்டு மணி நேரம், 30 ஆம்பியர் சார்ஜர், அதிகபட்சம் 60 ஆம்பியர்-மணிதான் ஏறும். பாதி காலியான 200 ஆம்பியர்-மணி பேட்டரி அதில் நிறையாது.

தண்ணீர் அடிக்கடி குறைகிறது

மாதம் ஒரு முறை பார்க்கும்போது கொஞ்சம் குறைந்திருந்தால் பரவாயில்லை. இரண்டு வாரத்தில் தட்டு வெளியே தெரிகிறது என்றால் வோல்ட்டேஜ் அதிகம். ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட், அதாவது மொத்தம் 14.4ஐத் தாண்டும்போது தண்ணீர் பிரிந்து வாயுவாக வெளியேற ஆரம்பிக்கும். சூடான பேட்டரியில் அதற்கும் முன்னாலேயே ஆரம்பிக்கும். பெரும்பாலும் இரண்டு இடத்தில் தவறு இருக்கும். வெப்பக் கழிவு இல்லாமல் 14.8 அப்படியே போகிறது. அல்லது ஃப்ளோட்டை 13.8 என்று வைத்துவிட்டு வேனை வீட்டு வாசலில் வாரக்கணக்கில் செருகியே வைத்திருக்கிறார்கள். ஃப்ளோட்தான் அதிக நேரம் ஓடும், ஆகவே அங்கே வரும் சின்னத் தவறு அப்சார்ப்ஷனில் வரும் தவறைவிட அதிகத் தண்ணீரைக் குடிக்கும். முதலில் ஃப்ளோட்டைச் சரி செய்யுங்கள்: பேட்டரி 35 டிகிரியில் இருந்தால் 13.1, 13.2 போதும்.

தண்ணீர் ஊற்றும்போது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணீரும் வேண்டாம், மினரல் வாட்டரும் வேண்டாம், ஆசிட் ஊற்றவே வேண்டாம். முழுசாக சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுங்கள். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும், சார்ஜுக்கு முன்னால் தட்டு மூழ்கும் அளவுக்கு ஊற்றிவிட்டு, மீதியைப் பிறகு நிரப்புங்கள்.

ஒரே ஒரு செல்லில் மட்டும் தண்ணீர் குறைகிறது என்றால் அது வோல்ட்டேஜ் பிரச்சினை இல்லை, அந்த செல் போய்க்கொண்டிருக்கிறது.

பேட்டரி கை வைக்க முடியாமல் சுடுகிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது

படிப்பதை நிறுத்திவிட்டு சார்ஜருக்கு வரும் வீட்டுக் கரண்டின் பிளக்கை வேனுக்கு வெளியே பிடுங்குங்கள். சோலாரையும் வெளியே இருந்து அணைக்க முடிந்தால் அணையுங்கள். கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே வாருங்கள், உள்ளே இருந்துகொண்டு எந்தச் சுவிட்சையும் தட்ட வேண்டாம், பேட்டரி கேபிளை உடனே கழற்றவும் வேண்டாம், ஏனென்றால் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு, அதைச் சுவாசிப்பதும் ஆபத்து. குழந்தைகள் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தால் முதலில் அவர்களை எடுங்கள்.

முழுசாக ஆறிய பிறகு அளந்தால் பெரும்பாலும் 10.5 வோல்ட் பக்கம் நிற்கும். ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது. மீதி ஐந்து செல்கள்தான் 14.4ஐயும் வாங்கிக்கொண்டிருந்தன, அதனால்தான் கொதித்தது. அந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

ஏ.ஜி.எம். அல்லது ஜெல் பேட்டரி பக்கவாட்டில் உப்பிவிட்டது

திரும்பி வராது, மாற்றத்தான் வேண்டும். புதியதைப் போடுவதற்கு முன்னால் காரணத்தைக் கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் புதியதும் இப்படித்தான் போகும். சார்ஜரில் தண்ணீர் ஊற்றும் வகைக்கான தேர்வு இருக்கிறதா? மாதம் ஒரு முறை தானாக ஈக்வலைஸ் செய்யும் வசதி (செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே அதிக வோல்ட்டேஜ் ஏற்றுவது) இயங்குகிறதா? மூடிய பேட்டரியில் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொன்னால் தவிர ஈக்வலைஸ் செய்யக் கூடாது. வெளியேறிய வாயுவை ஈடுகட்டத் தண்ணீர் ஊற்றும் வழி அதில் கிடையாது, ஜெல்லில் வாயு உண்டாக்கிய ஓட்டைகள் அப்படியே நின்றுவிடும். சூடான ஏ.ஜி.எம். அதே வோல்ட்டேஜில் இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும், அதனால் இன்னும் சூடாகும். கோலாலம்பூரில் மூடாத கார் நிறுத்துமிடத்தில் நாள் முழுக்க நிற்கும் வேனுக்கு இது நிஜமான ஆபத்து. பேட்டரிப் பெட்டிக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் காற்று வழி வையுங்கள்.

இரண்டு பேட்டரியும் ஒன்றாக வாங்கியதுதான், ஆனால் ஒன்று மட்டும் தளர்ந்துவிட்டது

இரண்டு 6 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருந்தால், சார்ஜ் ஓடும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளங்கள். ஒன்று 7.4, இன்னொன்று 7.0 என்றால் சமநிலை போய்விட்டது. இரண்டு 12 வோல்ட்டைப் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று பக்க இணைப்பில் இணைத்திருந்தால் பிளஸ் கேபிளை முதல் பேட்டரியிலும் மைனஸ் கேபிளை இரண்டாவது பேட்டரியிலும் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியில் எடுத்தால் அதுவே எல்லா வேலையையும் செய்து சீக்கிரம் தளரும்.

தண்ணீர் ஊற்றும் வகை என்றால் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) எடுத்து முழு சார்ஜுக்குப் பிறகு ஒவ்வொரு செல்லையும் பாருங்கள். 1.265 முதல் 1.277 இருக்க வேண்டும். 38 டிகிரி சூட்டில் அளந்தால் சுமார் 0.008 கூட்டிக்கொள்ளுங்கள். செல்லுக்குச் செல் 0.030க்கு மேல் வித்தியாசம் என்றால் ஈக்வலைஸ் செய்யும் நேரம் வந்துவிட்டது. தாளில் 15.5 முதல் 16.2 வோல்ட்வரை சொல்லியிருப்பார்கள், அதிலும் வெப்பக் கழிவைக் கழியுங்கள். எல்.இ.டி. விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் முதலில் துண்டியுங்கள், 16 வோல்ட்டில் அவை கருகிவிடும். காலைக் குளிர்ச்சியில் ஆரம்பியுங்கள், பக்கத்திலேயே இருங்கள், மணிக்கு ஒரு முறை ஹைட்ரோமீட்டரில் அளந்து மூன்று தடவை எண் மாறாமல் நின்றால் நிறுத்துங்கள். பேட்டரி 50 டிகிரியை நெருங்கினாலும் நிறுத்துங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு செல் மட்டும் 0.050 பின்தங்கினால் அது தேறாது.

லித்தியத்துக்கு மாறினேன், சார்ஜ் நடுவில் திடீரென்று எல்லாம் அணைந்துவிடுகிறது

பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. முனையில் 0 வோல்ட், அல்லது சம்பந்தமில்லாத ஓர் எண் காட்டும். பழைய சார்ஜரையே வைத்திருந்தால் அதில் இருக்கும் ஈக்வலைஸ், சல்பேட் நீக்கும் நிலை இரண்டும் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறும். ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டிப் போனால் பி.எம்.எஸ். கதவை மூடிவிடும், நான்கு செல்லுக்கு அது 14.6. அந்த நிலைகளை அணையுங்கள், அப்சார்ப்ஷனை 14.2க்குக் குறையுங்கள். அதில் நிறைவதற்கும் 14.6இல் நிறைவதற்கும் கொள்ளளவில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்போதும் துண்டித்தால் செல்கள் சமமாக இல்லை. பேட்டரியின் போன் செயலியில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜும் தெரிந்தால் எது முந்துகிறது என்று பார்த்து, குறைந்த கரண்டில் சில மணி நேரம் விட்டு அவற்றைச் சமப்படுத்துங்கள்.

வெப்பக் கழிவை லித்தியத்துக்கு முழுசாக அணைத்துவிட வேண்டும். ஈய பேட்டரிக்கு மேலே அவ்வளவு வற்புறுத்திச் சொன்னதை இங்கே செய்தால், 40 டிகிரியில் சார்ஜர் 13.8, 13.9இல் நின்றுவிடும், பேட்டரி மெதுவாகத்தான் நிறையும், செல்களைச் சமப்படுத்தும் வேலை நடக்கவே நடக்காது.

ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியத்துக்கு நேரடியாக வயர் இழுத்திருந்தால் அதை இன்றே கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர் கொடுக்கிற கரண்டை எல்லாம் லித்தியம் இழுக்கும், இஞ்சின் சும்மா ஓடும்போது ஆல்டர்னேட்டருக்குக் காற்றும் போதாது, சூடேறிக் கருகும். பி.எம்.எஸ். நடுவில் துண்டித்தால் வோல்ட்டேஜ் சட்டென்று எகிறி டையோடுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். இங்கேயும் டி.சி.-டி.சி. சார்ஜர்தான் வழி.

இன்னொன்று, லித்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்பதை வோல்ட்டேஜை வைத்துக் கணிக்க முடியாது. நிறைந்த பிறகும் 13.3, பாதியிலும் கிட்டத்தட்ட 13.2. உள்ளே போகும், வெளியே வரும் கரண்டை அளக்கும் ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் போடுங்கள்.

மூன்று மாதம் நிறுத்திவைத்தேன், இப்போது சார்ஜர் பேட்டரியைக் கண்டுகொள்ளவே இல்லை

கேஸ் டிடெக்டர், ரேடியோ, இன்வெர்ட்டரின் காத்திருப்பு நிலை இவையெல்லாம் சேர்ந்து சத்தமில்லாமல் இழுத்திருக்கும். பல சார்ஜர்கள் பேட்டரி சில வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் அங்கே பேட்டரியே இல்லை என்று முடிவு செய்துவிடும். ஈய பேட்டரி என்றால் வோல்ட்டேஜையும் கரண்டையும் கையால் வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 14.4 வோல்ட், கொள்ளளவில் 5 சதவீத கரண்ட் என்று வைத்து, பக்கத்திலேயே இருந்து ஏற்றுங்கள். 12 வோல்ட்டைத் தாண்டிய பிறகு வழக்கமான சார்ஜருக்கு மாற்றுங்கள். பத்து மணி நேரம் ஆகியும் 12ஐத் தொடாவிட்டாலும், சூடேறினாலும் விட்டுவிடுங்கள். லித்தியம் என்றால் லித்தியத்துக்கான எழுப்பும் வசதி உள்ள சார்ஜர் வேண்டும். அதிலும் எழவில்லை என்றால் வற்புறுத்தாமல் விற்றவரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை நிறுத்தும்போது ஈய பேட்டரியை முழுசாக நிரப்பி, மைனஸ் கேபிளைக் கழற்றிவிடுங்கள், மாதம் ஒரு முறை ஏற்றுங்கள். நம் வெயிலில் தானாகக் குறைவது வேகமாக நடக்கும், மூன்று மாதம்வரை தள்ளிப்போட வேண்டாம். லித்தியத்தை அப்படி நிரப்பி வைக்க வேண்டாம், பாதியில் வைத்துக் கழற்றிவிட்டால் போதும்.